ஏற்றத்தில் மட்டும் பெட்ரோல் வராமல் நிற்கும் ஹாட் ராட்: எலெக்ட்ரிக் ஃப்யூயல் பம்ப் கோளாறா?

கூப்பே32 (ஃபீனிக்ஸ், அரிசோனா)

எல்லோருக்கும் வணக்கம். என் ஹாட் ராட் (பழைய காரில் வலுவான இஞ்சின் வைத்துக் கட்டிய வண்டி) 1932 ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூப்பே. பாடி ஃபைபர் கிளாஸ், சேஸிஸ் புதிது, பவுடர் கோட்டிங் அடித்தது. இஞ்சின் செவ்ரொலே 350 வி8, மேலே ஹோலி நான்கு பேரல் கார்புரேட்டர். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கட்டி வைத்திருந்ததை வாங்கினேன்.

ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் போனால்தான் வினை. பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இஞ்சின் திக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், அப்புறம் அணைந்துவிடும். பம்ப்பின் சத்தமும் மாறுகிறது. வழக்கமாகத் தடித்து உறுமுவது மெலிந்து கீச்சென்று ஆகிறது. ஓரம் கட்டிக் கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. வீட்டு வாசலில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எவ்வளவு நேரம் ஐடிலில் ஓடவிட்டாலும் நிற்பதில்லை.

பம்ப் ரோட்டரி வேன் வகை, அதாவது உள்ளே சுழலும் தகடுகள் (வேன்) பெட்ரோலைத் தள்ளும். டேங்குக்கு ஓரடி முன்னால், சேஸிஸ் ரெயிலில், டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாக ரப்பர் புஷ்ஷில் மாட்டியிருக்கிறது. பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பெரியவர் ஏற்கெனவே ஒரு முறை பம்ப்பை மாற்றியிருக்கிறார். பழையதை ஒரு பையில் போட்டு வண்டியோடு கொடுத்தார். இன்னொரு பம்ப் வாங்குவதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

நாலுபேரல்

முதலில் இது பெட்ரோல் பிரச்சினைதானா என்று உறுதி செய்யுங்கள் ப்ரோ. சூடானதும் அணைந்து, ஆறியதும் கிளம்புவது இக்னிஷன் மாட்யூலும் காயிலும் செய்கிற வேலையும்கூட. அடுத்த முறை நின்றதும், ஸ்டார்ட் போடுவதற்கு முன், ஏர் கிளீனரைக் கழற்றிக் கார்புரேட்டருக்குள் பார்த்தபடி கையால் திராட்டிலை ஒரு தடவை திருப்புங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் முனையிலிருந்து பெட்ரோல் கோடாகப் பீய்ச்சி அடித்தால் கார்புரேட்டர் பெட்ரோலைச் சேர்த்து வைக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, நீங்கள் தேட வேண்டிய இடம் வேறு. ஒன்றும் வரவில்லை என்றால் கிண்ணம் காலி.

கூப்பே32

நேற்று அதே இடத்தில் நின்றது, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஒரு சொட்டு மட்டும் எட்டிப் பார்த்தது, பிறகு ஒன்றுமில்லை. கிண்ணம் காலிதான்.

மின்கம்பி (ஹூஸ்டன்)

அப்படியானால் பம்ப்பைத் தொடாமல் வயரிங்கில் தொடங்குங்கள். ஃபைபர் பாடி, பவுடர் கோட் சேஸிஸ், ரப்பர் புஷ்ஷில் பம்ப். இந்த மூன்றும் சேர்ந்தால் எர்த் எங்கிருந்து வரும்? இரும்பு பாடி வண்டியில் எங்கே ஸ்க்ரூ போட்டாலும் எர்த் கிடைத்துவிடும். ஃபைபரில் அது கிடையாது. பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் தொடர்பு கிடைத்து, அதை வைத்து வண்டி பல மாதம் ஓடிவிடும். சூடானால் தளரும், அதிர்ந்தால் விட்டுவிடும்.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், இது முக்கியம். கரன்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் விழாது. கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு 12.6 வோல்ட் வருகிறது என்று நம்பிப் பம்ப்பை மாற்றியவர்கள் நிறைய. இஞ்சின் ஓடட்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டில் வையுங்கள் (கேபிள் கிளாம்ப்பில் வேண்டாம், போஸ்ட்டிலேயே), சிவப்பு முனையைப் பம்ப்பின் எர்த் வயரில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் இதே போல, பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து பம்ப்பின் பாசிட்டிவ் வரை. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ரிலே (சிறிய கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கட்டுமானங்களில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராகப் பம்ப்புக்கு வயர் ஓடும். பம்ப் இழுக்கும் நாலைந்து ஆம்ப்ஸ் அந்தச் சுவிட்சின் காண்டாக்ட் வழியாகப் போகிறது, அது சூடாகிறது. ரிலே என்றால் அதன் முனைகளில் உள்ள எண்படி 30-ல் பேட்டரி (ஃப்யூஸ் பேட்டரி அருகே), 87-ல் பம்ப், 86-ல் சாவி, 85-ல் எர்த்.

ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகப் பம்ப் ஓடுகிறதா? விபத்தில் இஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கட்டும் என்று போடுவது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பம்ப்பின் முழு கரன்ட்டையும் அதன் வழியே விட்டால் உள்ளே காண்டாக்ட் கருகிவிடும். அதை ரிலேயைத் தூண்ட மட்டும் வையுங்கள். கண்ணாடி ஃப்யூஸ் போடும் பழைய ஸ்பிரிங் ஹோல்டர் இருந்தால் அதைக் கேட்காமலே மாற்றுங்கள். ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து, பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே விட்டு விட்டுத் தொடும்.

கூப்பே32

அண்ணா, அளந்தேன். பம்ப்பில் 11.6 வோல்ட்தான் வருகிறது, இஞ்சின் ஓடும்போது! எர்த் பக்கம் மட்டும் 1.9 வோல்ட் விழுகிறது. எர்த் வயர் சேஸிஸில் ஒரு ஸ்க்ரூவில் முடிகிறது, ரிங் டெர்மினலுக்கு அடியில் பவுடர் கோட்டிங் அப்படியே பளபளக்கிறது. பேட்டரி டிக்கியில் இருப்பதால் புது எர்த் வயரை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனேன். ரிலே இருக்கிறது, ஆயில் சுவிட்ச் அதைத் தூண்டத்தான் செய்கிறது. இப்போது பம்ப்பில் 13.5. சத்தமே கனத்துவிட்டது.

ஆனால் ஐ-17 ஏற்றத்தில் மறுபடி நின்றது. முன்பைவிடக் கொஞ்சம் மேலே போய் நின்றது, அவ்வளவுதான்.

வெயில்ராஜா (சேக்ரமென்டோ)

அரிசோனா வெயில் சார். இது சுத்தமான வேப்பர் லாக், பெட்ரோல் சூட்டில் ஆவியாகி லைனை அடைத்துக்கொள்கிறது. எக்ஸாஸ்ட் பைப் பக்கத்தில் பெட்ரோல் லைன் போகிறதா? அந்தக் காலத்து ஃபிளாட்ஹெட் ஃபோர்டுகளில் பம்ப்பே இஞ்சின் உச்சியில், கார்புரேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், வெயிலில் வேப்பர் லாக் ஆகிப் பாடாய்ப் படுத்தும். லைனில் துணி காயப் போடும் மரக் கிளிப் மாட்டுவார்கள். அதனால் பலன் இல்லை, ஹீட் ஷீல்டு போடுங்கள். டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். நின்றதும் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான் காரணம்.

மிச்சிகன்காரன் (நோவி)

வேப்பர் லாக் என்ற பெயரை எதற்கும் ஒட்டிவிடலாம், அதனால் அதைக் கடைசியில் வைக்கிறேன். நின்ற பிறகு அளப்பதால் பயனில்லை தம்பி, நிற்கும் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டு மீட்டர் போதும். ஒன்று, பம்ப்பின் இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய வயர் இழுத்து, பம்ப் பக்கத்திலேயே சிறிய ஃப்யூஸ் போட்டு, டாஷ்போர்டில் ஒரு வோல்ட் மீட்டர். இரண்டாவது, கார்புரேட்டருக்கு முன் டீ போட்டுப் பெட்ரோல் ஹோஸில் ஒரு பிரஷர் கேஜ். அதைப் பானெட்டுக்கு வெளியே கொண்டுவந்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் வைப்பருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் உள்ள ஹோஸ் எந்தக் காரணத்துக்காகவும் கேபினுக்குள் வரக் கூடாது. திரவம் நிரப்பிய கேஜ் வேண்டாம். சூட்டில் அந்தத் திரவம் விரிந்து உள்ளழுத்தம் ஏறி முள் பொய் சொல்லும். உலர்ந்த கேஜ் வாங்குங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கேஜைப் பார்க்கட்டும்.

வோல்ட் விழுந்து பிரஷரும் விழுந்தால் வயரிங். வோல்ட் நின்று பிரஷர் மட்டும் விழுந்தால் பம்ப், அல்லது பம்ப்புக்கு முன்னால் ஏதோ. இரண்டும் நிற்க இஞ்சின் மட்டும் நின்றால் கார்புரேட்டர் ஊசியோ இக்னிஷனோ.

வாசலில் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 300 குதிரைசக்தி எடுக்கும் இஞ்சினுக்கு ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்று வைத்தால் 150 பவுண்டு, அதாவது சுமார் 25 காலன், 95 லிட்டர். ஏற்றத்தில் நீங்கள் முழுச் சக்தியும் எடுக்க மாட்டீர்கள், இருந்தாலும் அந்தத் திசையில்தான் போகிறீர்கள். ஐடிலில் மணிக்கு ஒரு காலன் கூட வேண்டாம். பாதி அடைத்த குழாய் ஐடிலுக்குத் தாராளமாகப் போதும்.

கோவைபம்ப்

நான் கார் மெக்கானிக் இல்லை, பம்ப்செட் டெஸ்டிங்கில் இருப்பவன். உங்கள் இழையைத் தொடர்ந்து படிக்கிறேன், ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அடைப்பா, வேப்பர் லாக்கா என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறீர்கள். சக்ஷன் பக்கத்தில், அதாவது டேங்கிலிருந்து பம்ப் வாய் வரை, இரண்டும் ஒன்றே.

பம்ப் திரவத்தை இழுப்பதில்லை. அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்றழுத்தம்தான் திரவத்தைத் தள்ளி உள்ளே அனுப்புகிறது. அந்த இடத்தில் அழுத்தம் திரவத்தின் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் அங்கேயே கொதிக்கும். தண்ணீரில் இதை கேவிடேஷன் என்போம், பம்ப்பின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். நீங்கள் முதல் பதிவில் எழுதிய அந்த மெலிந்த கீச்சுச் சத்தம் திரவம் கிடைக்காத பம்ப்பின் சத்தம்.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். அமெரிக்காவில் கோடைக்கால பெட்ரோலுக்குப் பொதுவான வரம்பு 37.8 டிகிரி செல்சியஸில் 9 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) ஆவியழுத்தம், சில பகுதிகளில் அதைவிடக் குறைவு. குளிர்காலக் கலவையில் இது இன்னும் அதிகம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7. ஆக, வெதுவெதுப்பான பெட்ரோலுக்கு உங்கள் கையில் இருக்கும் இடைவெளி 5.7 பி.எஸ்.ஐ.தான். ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் 11.3 அளவில் இருக்கும், இடைவெளி இரண்டு சொச்சமாகச் சுருங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் இன்னும் சூடானால் அதுவும் மிஞ்சாது. அந்தச் சின்ன இடைவெளியைத்தான் ஹோஸின் வளைவும் ஃபில்டரும் அடைப்பும் தின்கின்றன.

அதாவது வெயில், உயரம், அதிக ஓட்டம், அடைப்பு நான்கும் ஒரே கணக்கில் கூட்டப்படுகின்றன. வெயிலையும் மலையையும் நீங்கள் மாற்ற முடியாது. டேங்கிலிருந்து பம்ப் வாய் வரை உள்ள ஓரடியை மாற்றலாம். அந்த ஓரடியை ஒரு அங்குலம் விடாமல் பாருங்கள்.

கூப்பே32

கேஜ் ஒட்டிக்கொண்டு மனைவியோடு போனேன். சமதளத்தில் 13.6 வோல்ட், 6 பி.எஸ்.ஐ. ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் முள் 5, பிறகு 4 என்று மெல்ல இறங்கியது. சன்செட் பாயின்ட் ஓய்விடத்துக்கு முன்னால் ஒன்றுக்குக் கீழே. வோல்ட் கடைசி வரை அசையவில்லை. ஓய்விடத்தில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி மூடியைத் திறந்தேன், உஸ் சத்தம் கிடையாது, காற்றுத் துளை நன்றாக இருக்கிறது. டேங்க் அடியைக் கையால் தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கும் சூடுதான்.

மிச்சிகன்காரன்

வயரிங் முடிந்தது, மூடியும் முடிந்தது. இனி ரோட்டில் அலைய வேண்டாம், வாசலிலேயே பிடிக்கலாம். இஞ்சின் முழுக்க ஆறட்டும். இக்னிஷனைத் துண்டியுங்கள். கார்புரேட்டர் முனையில் லைனைக் கழற்றி ஒரு இரும்பு கேனுக்குள் விட்டு, கேனையும் சேஸிஸையும் வயரால் இணைத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, திறந்த வெளியில் பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். 30 நொடியில் 800 மில்லியாவது வர வேண்டும். எல்லோரும் அந்த 30 நொடியோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள், கேன் பெரிதாக இருக்கட்டும்.

அப்புறம் டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள ரப்பர் ஹோஸை வெட்டிப் பாருங்கள். வெளியே புதிதாக இருந்தாலும் உள் அடுக்கு பிரிந்து, பம்ப் இழுக்கும்போது வால்வ் போல மூடிக்கொள்ளும். ஹோஸ் மேல் அச்சிட்ட எண் ஜே30ஆர்7 என்று இருந்தால் ஆர்9 அல்லது ஆர்14 போடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அவை தாங்கும்.

கூப்பே32

கிடைத்துவிட்டது! எல்லோருக்கும் நன்றி, விரிவாகவே எழுதுகிறேன்.

கேன் டெஸ்டில் முதல் 30 நொடியில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் பம்ப் அருமை என்று சொல்லியிருப்பேன். ஒரு நிமிடம் தாண்டியதும் கட்டியான ஓட்டம் இளைத்தது, நுரைத்தது, பிறகு குழாய் முனையில் சொட்டுச் சொட்டாக. பம்ப் அதே கீச்சுச் சத்தம். வெயில் ஏறாத காலை நேரம், ஏற்றமும் இல்லை!

பம்ப்பை நிறுத்திவிட்டு, சக்ஷன் ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, சைக்கிள் பம்ப்பால் டேங்க் பக்கம் மெதுவாகக் காற்று விட்டேன். முதலில் தடங்கல், பிறகு 'டப்' என்று ஏதோ விடுபட்டு டேங்குக்குள் குமிழ் விடும் சத்தம். மறுபடி மாட்டினால் முழு ஓட்டம்.

டேங்கில் இருந்த பெட்ரோலை எடுத்துவிட்டு, மேலே ஐந்து ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும், பெட்ரோல் அளவைக் காட்டும் சென்டிங் யூனிட்டைக் கழற்றி, தீப்பொறி வராத இன்ஸ்பெக்ஷன் விளக்கை வைத்துப் பார்த்தேன். துரு பிடிக்காமல் இருக்க யாரோ எப்போதோ டேங்க் உள்ளே சீலர் ஊற்றிச் சுழற்றிப் பூசியிருக்கிறார்கள். அது பாலாடை போலத் தகடு தகடாக உரிந்து மிதக்கிறது. டேங்குக்குள்ளிருந்து பெட்ரோலை எடுக்கும் பிக்கப் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்தில் ஒன்று, நடுவில் குழாய் வாயின் வட்டம் அழுந்திய தடத்தோடு. அது குழாய்க்குள் நுழைய முடியாத அளவு பெரிது, அதனால்தான் ஃபில்டருக்கு எதுவும் வந்து சேரவில்லை.

ஓட்டம் கூடினால் அது போய் வாயில் ஒட்டிக்கொள்கிறது. பம்ப் நின்றால் கொஞ்ச நேரத்தில் உதிர்ந்துவிடுகிறது. கால் மணி நேரக் கதை இதுதான்.

வெயில்ராஜா

அருமை சார். அந்தச் சீலரைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசலாமா?

மிச்சிகன்காரன்

என் கருத்து: வேண்டாம். டேங்க் உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும், அவற்றின் பின்னால் ஒட்டியிருப்பதை முழுக்க எடுக்க முடியாது. ஒரு துண்டு மிஞ்சினாலும் இதே கதை. பழைய சீலர் வகைகள் பலவும் எத்தனாலைத் தாங்காதவை, பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி மெத்தென்று ஆகி உரியும். '32-க்கு அதே வடிவத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் கிடைக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் பின்னால் சேஸிஸ் கொம்புகளுக்கு நடுவே வெளியே தெரியும் அந்த டேங்க்தான் '32-இன் அழகு, அதற்குச் செலவழிக்கலாம்.

புது டேங்க் போடும்போதே ரிட்டர்ன் லைன் ஒன்றும் போட்டுவிடுங்கள் தம்பி. இப்போது உங்களிடம் இருப்பது திரும்பும் வழி இல்லாத முட்டுச்சந்து பிரஷர் ரெகுலேட்டர், பெட்ரோல் இஞ்சின் பக்கத்தில் நின்று சூடாகிறது. பைபாஸ் ரெகுலேட்டரும் டேங்குக்குத் திரும்பும் லைனும் இருந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், ஆவி உண்டானாலும் டேங்குக்குப் போய்விடும். பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் 40. நுண்ணிய ஃபில்டரை முன்னால் போடாதீர்கள், அதுவே அடைப்பு.

கூப்பே32

டேங்க் ஆர்டர் போட்டுவிட்டேன் அண்ணா, ரிட்டர்ன் முனையோடு. பெரியவர் கொடுத்த பழைய பம்ப்பை என்ன செய்வது? ஒருவேளை அது நன்றாகத்தான் இருந்திருக்குமோ?

மின்கம்பி

இருக்கலாம், ஆனால் நம்பி மாட்டாதீர்கள், அளந்துவிடுங்கள். வேன் பம்ப்புக்குக் குளிர்ச்சியும் மசகும் பெட்ரோல்தான். இப்படி வறண்டு ஓடியதில் வேன் தேய்ந்திருக்கும். குறைந்த ஆம்ப்ஸ் அளக்கும் கிளாம்ப்பை ஸ்கோப்பில் (கரன்ட்டை அலையாகத் திரையில் காட்டும் கருவி) மாட்டி, பெட்ரோலில் ஓடவிட்டு, கரன்ட்டைப் பாருங்கள். கம்யூட்டேட்டரின் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் செப்பு வளையம்) ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மேடு வரும். எல்லா மேடும் ஒரே உயரமாக வந்தால் மோட்டார் நலம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு மேடு மட்டும் பள்ளமாக இருந்தால் அந்தத் துண்டு போய்விட்டது. மோட்டார் அந்த இடத்தில் வந்து நின்றால் அடுத்த முறை கிளம்பாது, சுத்தியலால் தட்டினால் கிளம்பும். ரோட்டில் பம்ப்பைத் தட்டி வண்டியை எடுக்கிறோமே, அது இந்தக் கோளாறுதான். உங்களுடையது அது இல்லை.

நாலுபேரல்

ஒரு கேள்வி, இதே இழையில் கேட்டுவிடுகிறேன். நான் கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறப் போகிறேன். 58 பி.எஸ்.ஐ. வேண்டும் என்கிறார்கள். கூப்பே32 மாதிரி சேஸிஸில் பம்ப் வைக்கலாமா, டேங்குக்குள்ளேயே வைப்பது நல்லதா?

மிச்சிகன்காரன்

டேங்குக்குள். பம்ப் பெட்ரோலிலேயே மூழ்கி இருந்தால் மேலே கோவைக்காரர் சொன்ன சக்ஷன் கணக்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும், சத்தமும் குறையும். திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் இன்ஜெக்ஷன் உடனே தடுமாறும், அதனால் பம்ப்பைச் சுற்றிக் கிண்ணம் உள்ள டேங்காகப் பாருங்கள். உள்ளே போடும் ஹோஸ் ஜே30ஆர்10 ஆக இருக்க வேண்டும். வெளியே போடும் ஆர்9-ஐ உள்ளே மூழ்க வைத்தால் அதன் வெளித்தோல் ஊறிக் கெட்டுவிடும்.